வெள்ளி விரல்கள்

வெடி விபத்தில் அக்காள் செத்து முழுதாக ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் அதே பட்டாசுக் கம்பெனி முதலாளி வீட்டு மகளிடம் கைவேலை படிக்கப் போகிறாள் ஆவுடைத்தாய். ஆமத்தூரில் காறித் துப்பாத ஆள் இல்லை.

அக்காள் அய்யம்மாள் செத்தது வெடிமருந்து கலக்கும் மருந்து ரூமில். ஆனால் அவள் எங்கள் ஆளே இல்லை என்றது கம்பெனி. அங்கே வெடிச் சரம் பின்னும் தங்கச்சி ஆவுடைத்தாய்க்குச் சோத்து வாளி கொண்டுவந்த இடத்தில் மாட்டிக்கொண்டாளாம். போர்மேன் சுந்தரபாண்டி அதை அப்படியே சத்தியம் செய்தார்.

சீசனுக்கு எடுத்த ஆளை எந்தப் பதிவிலும் ஏற்றாமல் வேலை வாங்குவது இந்தப் பக்கத்தில் புதிதா? கூட வேலை பார்த்த பெண்களுக்கு வாய் திறந்தால் வேலை போகும் என்ற பயம். அக்காள் அங்கே வேலை பார்த்தவள்தான் என்று ஆவுடைத்தாய் மட்டும் சொன்னாள். கூடப்பிறந்தவள் அப்படித்தான் சொல்வாள் என்று தள்ளிவிட்டார்கள்.

தொழிற்சங்கத்துத் தங்கச்சாமி நோட்டீஸ் அடித்தார். கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து கைதானார். அய்யம்மாளைத் தொழிலாளி என்று கம்பெனி தன் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. அதற்குக்கூட வழியில்லாத நாடு இது.

இந்த நேரத்தில்தான் முதலாளி மணிகண்டராஜின் மகள் பிரீத்திகா பெங்களூரில் கலைப் படிப்பு முடித்து வந்தாள். சணல் சாக்கில் கம்பளி நூலால் மனித முகங்களைத் தைக்கப் பெண்களுக்குக் கற்றுத்தருகிறாளாம். 'நம் மண்ணின் முகங்கள்' என்று பெயர். கம்பெனி மேல் படிந்த கரியைத் துடைக்க ஒரு சாக்குத் துணி கிடைத்துவிட்டது.

முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவள் ஆவுடைத்தாய்.

தங்கச்சாமி அவள் வீட்டுக்கே போனார். மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய சாக்கும் கோணி ஊசியுமாக உட்கார்ந்திருந்தாள். சாக்கில் பாதி முகம் இருந்தது, வாய் ஒரு பக்கமாகக் கோணி.

"வாங்க அண்ணாச்சி. காப்பி குடிக்கீகளா?"

"ஒங்க வீட்டுக் காப்பி எனக்கு எறங்காது தாயி. அக்காளக் கொன்னவன் வீட்டுச் சாக்குல பூ வேலை பாக்கியே, கை கூசல?"

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகம் இன்னும் சரியாக வரவில்லை என்றாள். சரம் பின்னிய கை, ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கி இறுக்கியே பழக்கம். நூலை இறுக்கினால் சாக்கு சுருங்கி வாய் கோணிவிடுகிறது. எல்லாரும் தைத்த முகங்கள் அப்படித்தானாம். உங்கள் மண்ணில் ஏன் எல்லா முகமும் கோபமாகவே இருக்கிறது என்று பிரீத்திகா சிரித்தாளாம்.

"சிரிப்பா. சிரிக்காம என்ன செய்வா" என்றார் தங்கச்சாமி.

"கம்பெனிப் புதுக்கடை தெறப்பு விழாவுக்கு வாங்க அண்ணாச்சி. நோட்டீஸ் கட்டு வேண்டாம். போன்ல மட்டும் சார்ஜ் ஏத்திட்டு வாங்க."

இவளுக்குத் திமிரும் ஏறிவிட்டது என்று எண்ணிக்கொண்டே எழுந்து வந்தார்.

வகுப்பில் ஆவுடைத்தாய் தைத்துப் பிரித்தாள், பிரித்துத் தைத்தாள். கை இளகியது, வாய் நேரானது. மூக்கு வந்தது, நெற்றி வந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் அந்த முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தியும் மூச்சு விடவில்லை.

விரல்களுக்கு மட்டும் அவள் வெள்ளி ஜிகினா நூல் கோத்தாள். உடம்பெல்லாம் கறுப்பாக இருக்க விரல் மட்டும் ஏன் இப்படி என்று பிரீத்திகா கேட்டாள்.

"நம்ம கம்பெனியில வேலை பாத்தவ பாப்பா. அவ கை அப்பிடித்தான் இருக்கும்."

பிரீத்திகாவுக்கு அது பிடித்துப்போனது. கடைத் திறப்பு விழாவில் அந்தப் படத்தையே பெரிதாக நடுவில் மாட்டச் சொன்னாள்.

திருத்தங்கலில் கம்பெனியின் புதுக் கடை திறப்பு விழா. வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்கும் வியாபாரிகள், பத்திரிகைக்காரர்கள், ரோஜாப்பூ மாலைகள். கறுப்புச் சட்டையோடு பின்வரிசையில் நின்றார் தங்கச்சாமி. சத்தம் போடத்தான் வந்திருந்தார்.

பிரீத்திகா திரையை விலக்கினாள்.

 தங்கச்சாமியின் கை தானாகச் சட்டைப்பையில் இருந்த போனை எடுத்தது. தூணோரம் நின்ற போர்மேன் சுந்தரபாண்டிக்கு முகம் வெளுத்தது. முதலாளியை நோக்கி ஓர் அடி வைத்தார். கூட்டம் விடவில்லை.

மணிகண்டராஜ் படத்தை ரசித்துப் பார்த்தார். தன் கம்பெனியில் வேலை பார்த்தவளின் முகம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

வியாபாரி ஒருவர், விரலில் இருப்பது என்ன, வெள்ளி மோதிரங்களா என்று கேட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார்.

"மோதிரம் இல்லைங்க. அலுமினியப் பவுடர். மருந்து ரூமுக்குள்ள உக்காந்து வேலை பாக்குறவங்களுக்குத்தான் விரல் இப்படி ஆகும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. சும்மா வந்து போற ஆளுக்கு ஒட்டாது. இந்தம்மா எங்க கம்பெனித் தொழிலாளி. எங்க குடும்பத்துல ஒருத்தி."

கைதட்டல் அடங்க நேரமானது. அத்தனை போன்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அதே உற்சாகத்தில் ஆவுடைத்தாயிடம் மைக்கை நீட்டினார். "இவங்க பேரு என்னம்மா? எல்லாருக்கும் சொல்லு."

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அய்யம்மாள்ங்க. சோத்து வாளி கொண்டுவந்தவன்னு சொன்னீகளே, அவதான்."