பெரிய கண் மடி

ஜூன் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பழக்கதோஷத்தில் பழைய அளவுப் பலகையையே கையில் எடுத்து, ஒரு வரிசை முழுக்கச் சின்னக் கண்ணாகப் பின்னிவிட்டாள் வலைக்காரி.

புத்தி எங்கே போனது என்று தன்னையே திட்டிக்கொண்டு முடிச்சு முடிச்சாகப் பிரித்தாள்.

பிறகு புதுப் பலகையை எடுத்தாள். நாற்பது மில்லி. ஒவ்வொரு வரிசையையும் இரண்டு தடவை அளந்தாள். ஒரு தடவை அளந்தால் அவளுக்கு நம்பிக்கை வராது.

சட்டம் புதிது. இழுவலையின் கடைசியில், மீனெல்லாம் வந்து சேரும் பைக்கு மடி என்று பெயர். அந்த மடியின் வலைக்கண் இனி நாற்பது மில்லிக்குக் குறையக் கூடாது. குஞ்சு மீன்கள் தப்பிப் போக வேண்டுமாம். குறைந்தால் அபராதம். மறுபடி பிடிபட்டால் படகின் உரிமமே போய்விடும்.

துறைமுகச் சங்கம் கூடி ஒரே முடிவாக எடுத்தது. எந்தப் படகும் மடியை மாற்றாது. ஒருத்தரும் மாற்றாவிட்டால் அதிகாரிகள் தாமாக இறங்கி வருவார்கள்.

மேசையைத் தட்டி அதைச் சொன்னவர் சங்கத் தலைவர். வலைக்காரியின் கூடப்பிறந்த அண்ணன்.

அப்படியிருந்தும் அவள் கொட்டகைக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி, பெரிய கண் மடி பின்னிக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் அண்ணன் வந்து நின்றார். பின்னால் நாலைந்து படகுக்காரர்கள். அவர்களில் ஒருவனுக்குத் தகரம் என்று பேர். பேசினால் ஓட்டை டப்பாவை உருட்டின மாதிரி இருக்கும்.

தகரம் மடியின் ஓரத்தைத் தூக்கி, கண்ணுக்குள் விரல்களை விட்டு ஆட்டிக் காட்டினான். “என்னக்கா, இது மீன் பிடிக்கவா, இல்ல கோல் போஸ்ட்டுக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கையிலிருந்த ஊசி மட்டும் நிற்கவில்லை.

யாருடைய மடி என்று அண்ணன் கேட்டார்.

சொல்வதற்கில்லை என்றாள். ஒரு படகின் சமாச்சாரத்தை இன்னொரு படகிடம் அவள் என்றைக்கும் பேசியதில்லை. அண்ணனுக்கும் அது தெரியும்.

தகரம் குனிந்து மடியின் வாயைத் தேடினான். வலைகள் மாறிப் போகாமலிருக்க ஒவ்வொரு படகுக்கும் ஒரு நிறத்தில் நூல் உண்டு. மடியின் வாயில் அதைச் சுற்றிவிட்டுத்தான் பின்னவே தொடங்குவார்கள். அந்த வாய்ப்பக்கத்தைச் சுருட்டிப் போட்டு அதன் மேல்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவளை எழுந்திருக்கச் சொல்லத் தகரத்துக்குத் துணிச்சல் வரவில்லை.

அண்ணன் பேச்சை வளர்க்கவில்லை. கொட்டகை சங்கத்துச் சொத்து. மடியை அவளே வெட்டிப் போட்டுவிட்டால் விஷயம் இத்தோடு முடிந்தது. இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அதற்கப்புறம் இந்தத் துறைமுகத்தில் ஒரு கிழிசலைக்கூட அவளிடம் யாரும் தர மாட்டார்கள்.

வேறு தொழில் அவளுக்குத் தெரியாது. செய்வது சரிதானா என்று காலையிலிருந்து தன்னையே கேட்டு அலுத்துப் போயிருந்தாள்.

போன பருவத்தில் இதே வாசல் வழியாக மூட்டை மூட்டையாகப் போன குஞ்சு மீன் ஞாபகம் வந்தது. கூறு கட்டி விற்கக்கூட லாயக்கில்லாமல் கோழித் தீவனத்துக்குப் போனது. இந்தப் பருவத்தில் அந்த மூட்டையும் இல்லை, பெரிய மீனும் இல்லை.

எட்டி, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். இடுப்பிலிருந்த கத்தியையும் எடுத்தாள். இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

“எது வேணுமோ எடுத்துக்கண்ணே. என் கையால வெட்ட மாட்டேன்.”

அண்ணன் கத்தியை எடுத்தார். அவள் மெதுவாக எழுந்து ஒதுங்கினாள்.

மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, சுருட்டியிருந்த மடியை அவர் வெடுக்கென்று இழுத்தார். வாய் விரிந்தது.

பச்சையும் வெள்ளையும் முறுக்கிய நூல்.

அவருடைய படகின் நூல்.

அவருக்கு மட்டும் கேட்கும்படி அவள் சொன்னாள். “அண்ணி கொடுத்த வேலை. உரிமம் அவங்க பேர்லதான இருக்கு. வெட்டறதுன்னா வெட்டு.”

அண்ணனின் கத்தி பிடிக்காத கை நூலை மூடிக்கொண்டது.

யாருடையது தலைவரே என்று பின்னாலிருந்து தகரம் கேட்டான்.

“நூல் இன்னும் சுத்தல” என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. நூல் சுற்றாமல் மடி பின்னுவதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கூட்டத்தில் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று அவர்களை அனுப்பினார். மடியின் வாயை முன்பு இருந்தது போலவே சுருட்டி வைத்தார். கத்தியை வைத்தார். சாவியை அவரே ஆணியில் மாட்டினார். தங்கச்சி முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

அவள் மறுபடி உட்கார்ந்து, கடைசியாகப் போட்ட வரிசையை அளந்தாள். பிறகு இன்னொரு தடவை அளந்தாள்.

முடிகிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடாதே, முடிந்த பிறகு மறைக்காதே. அண்ணி அவ்வளவுதான் சொல்லியிருந்தாள்.

இன்னும் இரண்டு வரிசை பாக்கி. நாளைக் காலையில் அதை முடிக்க வேண்டும். மடியை நனைத்து, முடிச்சுகளை இழுத்து இறுக்க வேண்டும். பிறகு கொட்டகை வாசலில் விரித்துப் போட வேண்டும், நூல் சுற்றிய வாய் தெருவைப் பார்த்தபடி.