கமென்ஸ் என்றால் என்ன?

வகுப்பே சிரித்துக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சுக்காரன் மட்டும் அழுதுவிடுவான் போல உட்கார்ந்திருந்தான்.

சிரிப்புக்குக் காரணம் பேக்கரிக்காரர். ‘கமென்ஸ்’ என்ற சொல்லை வைத்து ஆளுக்கொரு இங்கிலீஷ் வாக்கியம் கேட்டால், “என் பொண்டாட்டி தினமும் ஆறு மணிக்கு சண்டையை கமென்ஸ் பண்ணுவா” என்று சொல்லிவைத்தார் மனுஷன்.

“சண்டை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஸ்டார்ட்தான்யா” என்றார் வாத்தியார். “விசாரணை, பரீட்சை, அரசாங்க வேலை, இதுக்குத்தான் கமென்ஸ். அர்த்தம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆனா இது கோட்டு போட்டுக்கிட்டு வரும்.”

நகராட்சியில் முப்பத்தோரு வருஷம் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர் அவர். இப்போது சாயங்காலங்களில், வேலை முடிந்து வருகிறவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார். தானாகச் சொல்லாதவர்களிடம் என்ன வேலை என்று துருவ மாட்டார். கேட்டால் அவர்கள் பேசுவார்கள், அப்புறம் இவர் எப்போது பேசுவது?

“கடைசி பெஞ்ச், நீ சொல்லுப்பா.”

அவன் எழுந்து நோட்டைப் பிரித்தான். பிடித்திருந்த விரல்களில் பசை காய்ந்து தோல்தோலாக உரிந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தான். “இவ்வீட்டை இடிக்கும் பணி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு கமென்ஸ் ஆகும்.”

வாத்தியாருக்குப் பெருமை பிடிபடவில்லை. சாலையை அகலப்படுத்தும் நோட்டீஸுக்காக அவரே எழுதிய வாக்கியம் அது! இன்றைக்கும் தேதியை மட்டும் மாற்றி அதையேதான் அடிக்கிறார்கள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிய பிறகு அவன் மேஜைப் பக்கம் வந்தான்.

“சார், அதை நிறுத்த வழியே இல்லையா?”

பாவம், இவன் வீட்டுக்கே வந்துவிட்டது போலிருக்கிறது. வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது.

“கோர்ட்ல தடை வாங்கலாம். ஆனா இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கும் நாளன்னைக்கும் கோர்ட் லீவு. அதுக்காகத்தான் வெள்ளிக்கிழமை பார்த்து கொடுக்கச் சொல்லி நான் அப்பவே குறிப்பு எழுதினேன்.”

“வீடு பூட்டியிருந்தா செல்லாதுல்ல சார்?”

“கதவுல ஒட்டிட்டா கையில கொடுத்த மாதிரிதான். அதுவும் என் யோசனைதான்ப்பா.”

“ஆபீஸ்ல யாரையாவது பார்த்துப் பேசினா?”

“நானே போய் கால்ல விழுந்தாலும் நடக்காது. ஒரு ஓட்டை இல்லாம எழுதி வச்சிருக்கேன்.”

அந்த நோட்டீஸைப் படித்த முகம் எதையும் முப்பத்தோரு வருஷத்தில் அவர் பார்த்ததில்லை. ஆபீசை விட்டே வெளியே போகாத மனுஷர். முதல் தடவையாக ஒரு முகத்தைப் பார்க்கிறார், ஒன்றும் செய்ய வழியில்லாமல் கையைப் பிசைகிறார்.

“வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?”

“வயசானவர் ஒருத்தர் சார்.”

“அப்பாவா?”

“அப்பா மாதிரி.”

மாமனாராக இருக்கும் என்று எண்ணிக்கொண்டார் வாத்தியார். “அவர்கிட்ட சொல்லிட்டியா?”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல சார். ரெண்டு மணி நேரமா வாய் வரல.” அவன் கண்ணீர் மேஜைமேல் சொட்டியது.

வாத்தியாருக்கு மனசு தாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் திணித்தார். “இந்தா, என் வீட்டு மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. எத்தனை மாசம் வேணும்னாலும் இருங்க. இப்பவே போய் அந்தப் பெரியவரை அங்க கூட்டிட்டு வந்துடு. வீடு தெரியும்ல உனக்கு?”

அவன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டான்.

“மத்தியானம் நான் நோட்டீஸ் ஒட்டினதே அந்தக் கதவுலதான் சார்.”