புதுத் தகடு

கணினிக்குள் இருந்த விசிறியின் இரைச்சல் தாங்க முடியவில்லை. அன்வர் தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினி அது. "இந்த விசிறிச் சனியனைப் பிடுங்கிக் குப்பையில போட்டாத்தான் நிம்மதி, நசீமா," என்றான் மனைவியிடம்.

விசிறிக்கு உயிரே போய்விட்டது. கீழே இருந்த, கணினியின் மூளையான சிப்பைப் பார்த்து அலறியது. "அடேய், உன் சூட்டை ஆத்தத்தானே தொண்டை கிழியச் சுத்துறேன்! இன்னும் ஏன்டா கொதிக்கிற?"

"நான் என்ன பண்ண, அண்ணே? சூட்டை நடுவுல இருக்கிற தகடுதான் வாங்கி உங்ககிட்ட கொடுக்கணும். அது வாங்க மாட்டேங்குது."

தகடு மினுக்கிக்கொண்டு சொன்னது: "என் அடியில ஒட்டின பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கலை. புதுசு, அழுக்காகிடாதா?"

விசிறி சுற்ற மறந்து நின்றது. "அடப்பாவி! உன் மினுமினுப்புக்கு என் தலையா உருளணும்?"

விசிறி நின்றதும் சூடு தாங்காமல் கணினி அணைந்தது. அன்வர் மூடியைத் திறந்து, விசிறியையும் தகட்டையும் சேர்த்தே கழற்றினான். தாளோடு மினுங்கிய தகட்டைப் பார்த்து, "எவ்வளவு புதுசா இருக்கு பாரு!" என்று பூரித்தான். வீட்டு ஃப்ரிட்ஜின் தாளையே தொடவிடாத ஆள். பிறகு தகட்டை மேசையில் வைத்துவிட்டு, விசிறியோடு குப்பைக்கூடைப் பக்கம் திரும்பினான்.

அதற்குள் பின்னால் சரக்கென்று ஒரு சத்தம். தாள் தரையில் கிடந்தது.

இரண்டையும் மறுபடி பூட்டியதும் சிப்பின் சூடு அடங்கியது; அன்று முதல் விசிறி முணுமுணுப்பதுகூட இல்லை. தாளை உரித்தவள் நசீமா.