பழுப்புப் பட்டை

பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் வீங்கிய கன்னத்தோடு சாய்ந்திருந்தவர், நர்ஸ் பிரிக்கப்போன கவரைச் சட்டென்று பற்றிக்கொண்டார்.

"உள்ளே இருக்கிற குறடு சுத்தம்தானே?"

"கவர் மேல இருக்கிற பட்டையைப் பாருங்க சார். ரோஸா இருந்தது பழுப்பாயிடுச்சு. நீராவி மெஷின்ல வெந்தாத்தான் நிறம் மாறும்."

"அது எனக்கும் தெரியும். இது நேத்து மெஷின்ல வெச்ச கவரா, இன்னிக்கு வெச்சதா?"

நர்ஸுக்குச் சிரிப்பு முட்டியது. பட்டையைக் காட்டினால் மற்றவர்களெல்லாம் பேசாமல் வாயைத் திறப்பார்கள். இவரோ வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்கிறார்.

"எதுவா இருந்தா என்ன சார்? நிறம் மாறியிருந்தா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு பெரிய டாக்டரே காலையில சொன்னாரே!"

வாசல் பலகையில் ஏழு பட்டங்களோடு மின்னினாலும், தன் கடைவாய்ப் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்ள முடியாத பெரிய டாக்டர், கழுத்தில் கட்டிய துண்டோடு நாற்காலியிலிருந்து குதித்தார்.

"சொன்னது நான்தானேம்மா! இன்னிக்கு மெஷின் ரிப்பேராயிடுச்சு, அயர்ன் பாக்ஸ் நீராவியில பட்டையை மட்டும் பழுப்பாக்குன்னு உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே!"

"அதான் சார், அப்படிப் பழுப்பாக்கின முதல் கவரை உங்களுக்கே கொண்டுவந்தேன். மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?"