சிவப்பு மை

"அண்ணாச்சி, எங்கம்மை வந்துட்டாளா?" இருட்டறைக்கு வெளியே நின்று இசக்கிச்செல்வி கேட்கிறாள். செத்துப்போன அம்மையைப் படம் எடுத்திருந்த ஒரே ஃபிலிம் அது. உள்ளே ஸ்டுடியோக்காரர் பேச்சிராஜ் சிவப்பு பல்பை அணைத்துவிட்டு வெள்ளை விளக்கைப் போடுகிறார். கையில் ஈரமாகத் தொங்கும் ஃபிலிம் முழுக்கக் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருக்கிறது. படத்தை வரவழைக்கும் டெவலப்பரைத்தான் முதலில் ஊற்ற வேண்டும். வந்த படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ முந்திக்கொண்டால் படம் கரைந்தே போகும். முதலில் ஊற்றிய புட்டியைத் திருப்பிப் பார்க்கிறார். 'ஹைப்போ' என்று அவரே சிவப்பு மையில் எழுதி ஒட்டியது, சிவப்பு வெளிச்சத்தில் தெரியாமலிருந்த எழுத்து, இப்போது பளிச்சென்று நிற்கிறது. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறாள். "எங்கன நிக்கா? போட்டோன்னா கண்ணை மூடிருவாளே, கூறுகெட்டவ! முழிச்சிருக்காளா?" அவர் தொண்டையைச் செருமுகிறார். "இன்னும் காயல, தாயி." "காஞ்சாத்தான் தெரிவாளாக்கும்? இருங்க, பைய வீசுதேன்." முந்தானையை இரு கையாலும் பிடித்து, தூங்குகிற பிள்ளைக்கு வீசுவதுபோல வீசுகிறாள். ஃபிலிமின் நுனியிலிருந்து ஒரு சொட்டு அவர் கால்விரலில் விழுகிறது. அவள் வீசுவதற்கு வாகாக, பேச்சிராஜ் அதை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கிறார்.