முதல் பக்கத்துப் போட்டோ

“இன்னைக்கும் ஒரு போன் வரலையே ஈஸ்வரி!”

முதுகுளத்தூரில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் கூத்தையா, காலையிலிருந்து செல்போனை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

“வெப்சைட் ஆரம்பிச்சு ஒரு வாரந்தானய்யா ஆகுது. எல்லா ஊரு வாட்ஸ்அப் குரூப்புலயும் போட்டுவிட்டிருக்கேன்” என்றாள் மகள்.

“புது ஆளுக வராட்டிப் போகட்டும். வழக்கமாக் கூப்பிடுறவுகளும் கூப்பிட மாட்டேங்கிறாகளே! எவனாச்சும் தப்பா எழுதியிருக்கானா பாரு.”

“யாரும் எழுதலய்யா. நம்பர் சரியா இருக்கு. உங்க போட்டோவையும் முதப் பக்கத்துலயே பெருசா வச்சிருக்கேன்.”

மனைவி பூமயில் சுற்றிப்போட உப்பும் மிளகாயும் எடுத்து வந்தாள். “நல்லா ஓடுன தொழிலு. யாரு கண்ணு பட்டுச்சோ!”

வாசலில் ஆட்டோ நின்றது. பழைய வாடிக்கையாளரான ஆர்.எஸ்.மங்கலம் சேதுபதி, பெரிய ரோஜா மாலையுடன் இறங்கினார். கூத்தையாவைப் பார்த்ததும் ஆட்டோக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“வாங்கண்ணே! மாலை எதுக்கு?”

அவர் தன் செல்போனை நீட்டினார்.

திரையில் வெப்சைட்டின் முதல் பக்கம். தேவிபட்டினத்துத் தோப்பில் போர்வெல்லுக்குள் மோட்டார் இறக்கித் தண்ணீர் கொட்டிய அன்று, தோப்புக்காரர் சந்தோஷத்தில் போட்ட மாலையோடு கூத்தையா சிரித்துக்கொண்டிருந்தார். அழகாக இருக்கட்டும் என்று படத்தின் இரண்டு பக்கமும் எரியும் குத்துவிளக்கு வைத்திருந்தாள் ஈஸ்வரி.

“துக்கம் கேக்க வந்தேன்ப்பா” என்றார் சேதுபதி.

“ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்லண்ணே!”

“செத்தவன் நம்பருக்கு எப்படிப்பா பண்றது? நேத்து என் மோட்டாரு நின்னுபோச்சு. உன்னைய நெனச்சு அழுதுக்கிட்டேதான் வேற ஆளக் கூப்பிட்டேன்.”