இசக்கிராஜ் தட்டு

செல்லக்கிளி அக்கா, நான் பக்கத்து வீட்டு இசக்கிராஜ் பேசுறேன். வயசு இருபத்திரண்டு. வேலைக்கு வந்த ஓசூர்ல, ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து சொல்றேன். போன் அதுவா எழுதிக்கிடுது.

எனக்கு மஞ்சக்காமாலைன்னு சொல்லிட்டாங்க. ஆனா படுக்கை தரமாட்டேங்கிறாங்க. கவுண்டர் மேடம் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "தம்பி, நேத்து ராத்திரிகூட நீ கோவில்பட்டியில உன் தட்டுல சாப்பிட்டிருக்க. சாப்பிடுற ஊருலதான் உன்னைக் கணக்குல வெச்சிருக்கு. இங்க நீ இல்லியே"ன்னாங்க.

இப்போ ஆளுக்கொண்ணா சர்க்கார் குடுத்த தட்டு சொல்றதுதான கணக்கு, அதுல சோறு காலியான ஊருலதான் ஆளு இருக்கான்னு அர்த்தம். உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். "உன் தட்டுல தினமும் சோறு போட்டு வைக்கேன், பூனை தின்னுட்டுப் போகுது. போடாம விட்டா வாசல்ல இருக்க ஆள் நம்பர் ரெண்டை அழிச்சிட்டு ஒண்ணுன்னு காட்டும். ஒத்த ஆளு வீடுன்னு ஆயிருச்சுன்னா நீ எங்கய்யா வருவ"ன்னு கேக்குது. காமாலைன்னு சொல்ல வாய் வரல. பூனைக்கு என்னைவிட நல்ல சாப்பாடும்மான்னு சிரிச்சிட்டுப் போனை வெச்சிட்டேன்.

அக்கா, என்னால நிக்கக்கூட முடியல. என் பேரு அந்த வீட்டுல இருந்து போனாத்தான் இங்க ஏறும். இதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டாதீங்க. தட்டு ஓட்டையாயிருச்சு, மாத்தித் தாரேன்னு சொல்லி, இன்னைக்குச் சோறு போடுறதுக்கு முன்னாடி அதை உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க. அப்படியே வாசல்ல இருக்க நம்பர் மேல ஏதாவது ஒரு துணியை மாட்டி விடுங்க.